ராத்திரி ஒன்றரைக்குப் பொழுது விடியும்!

“ஏனுங்க டாக்டர், ஸ்கேன்கூட எடுத்துப் பாத்துட்டமுங்க. ஒண்ணுமில்லீனுட்டாங்க. ஆனா காலைல எந்திரிச்சா வயித்தைப் புடிச்சுக்கிட்டு உக்காந்துக்கறான். தலைவலிங்கறான். ஸ்கூலுக்குக் கெளப்பறதுக்குள்ள எனக்கு உசுரே போயிருதுங்க...”

ராசிபுரம் பக்கத்திலிருந்து வந்திருந்தார் அந்த அம்மா. பக்கத்தில் பதினாறு வயதுப் பையன். பிளஸ் ஒன். கண்ணுக்குக் கீழே கருவளையம், வறண்ட உதடு, நாக்கில் மாவு பூசின மாதிரி வெள்ளை. நாடி பிடித்துப் பார்த்தேன். பித்தம் தூக்கலாக இருந்தது.

“தம்பி, ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கறே?”

“ஒன்றரை ஆயிருங்க டாக்டர்.”

“தினமுமா?”

“தினமும் ஒன்றரைங்க.”

‘பன்னெண்டு இருக்கும், ஒண்ணு இருக்கும்’ என்று குத்துமதிப்பாகச் சொல்லும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். இப்படி ரயில்வே அட்டவணை மாதிரி ஒருத்தனும் சொன்னதில்லை. அம்மாவைச் சற்று வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, “அதென்னப்பா ஒன்றரை?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தான். பிறகு சொன்னான்:

“அப்பத்தானுங்க கேம்ல அடுத்த நாள் ஆரம்பிக்கும்!”

எனக்குப் புரியவில்லை. அவனே போனை எடுத்துக் காட்டி அரைமணி நேரம் பாடம் நடத்தினான். அந்தப் பாடத்தைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்லப் போகிறேன். ஏனென்றால், உங்கள் வீட்டிலும் ஒரு ஒன்றரை மணி இருக்கலாம்.

விளையாட்டின் பெயர் ‘கென்ஷின் இம்பாக்ட்’. 2020 செப்டம்பர் 28-ம் தேதி வெளியானது. பெரிய பெரிய கண்கள், காற்றில் பறக்கும் கூந்தல், கையில் வாள்... ஜப்பான் கார்ட்டூன் படங்களில் வருமே, அந்த ‘அனிமே’ பாணி. ஆனால் தயாரித்தவர்கள் ஜப்பான்காரர்கள் இல்லை. சீனாவில் ஷாங்காய் நகரத்திலுள்ள மிஹோயோ என்ற கம்பெனி. அதே கம்பெனி 2023-ல் ‘ஹோன்காய் ஸ்டார் ரெயில்’, 2024-ல் ‘ஜென்லெஸ் ஸோன் ஸீரோ’ என்று வரிசையாக விட்டது. இன்னொரு சீனக் கம்பெனி 2024-ல் ‘வுதரிங் வேவ்ஸ்’ கொண்டுவந்தது. டோரேமான், ஷின்சான் பார்த்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இந்த முகங்கள் அந்நியமில்லை. எல்லாமே இலவசம். போனில் இறக்கிக்கொள்ள ஒரு பைசா கிடையாது.

ஒரு விஷயத்தை நியாயமாகச் சொல்ல வேண்டும். பையன் காட்டியபோது நானே அசந்துபோனேன். மலை, அருவி, சூரிய அஸ்தமனம் எல்லாம் ஓவியம் மாதிரி. பின்னணியில் நல்ல இசை. கதை இருக்கிறது. என்னிடம் வந்த இன்னொரு பெண் பிள்ளை இதைப் பார்த்துப் பார்த்தே அழகாகப் படம் வரையக் கற்றுக்கொண்டிருக்கிறாள். ‘கெட்ட விளையாட்டு’ என்று ஒரே வார்த்தையில் தள்ளினால் பிள்ளைகள் நம்மிடம் பேசுவதை நிறுத்திவிடுவார்கள். சிக்கல் படத்தில் இல்லை, கடிகாரத்தில்!

அந்த உலகத்தில் தினமும் நான்கு சின்ன வேலைகள் கொடுப்பார்கள். அவற்றை முடித்தால் 60 ரத்தினம் கூலி. அன்றைக்குச் செய்யாவிட்டால் அன்றைய கூலி போயிற்று. இந்தப் ‘புதிய நாள்’ பிறப்பது அந்தந்த சர்வர் நேரப்படி அதிகாலை 4 மணிக்கு. ஆசிய சர்வர் ஓடுவது சீன நேரத்தில். நம் நேரத்துக்கும் அதற்கும் இரண்டரை மணி வித்தியாசம். அங்கே அதிகாலை நான்கு என்றால் சேலத்தில் ராத்திரி ஒன்றரை! புது வேலை வந்ததும் அதை முடித்துவிட்டுப் படுத்தால் பகலெல்லாம் நிம்மதி என்பது பையனின் கணக்கு. கணக்கு சரிதான். உடம்புக்குத்தான் அது ஒத்துவரவில்லை.

ஒன்றரைக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுந்தால் நாலரை மணி நேரத் தூக்கம். 13 முதல் 18 வயதுப் பிள்ளைக்கு 8 முதல் 10 மணி நேரம் வேண்டும் என்பது நவீன மருத்துவத்தின் கணக்கு. சித்த மருத்துவத்தில் ராத்திரி 10 முதல் 2 வரை பித்தத்தின் காலம். அந்த நேரத்தில் கண்விழித்து, மூளையைச் சூடேற்றி, முகத்துக்கு நேரே வெளிச்சத்தை வைத்துக்கொண்டிருந்தால் பித்தம் ஏறாமல் என்ன செய்யும்? காலையில் குமட்டல், வயிற்றெரிச்சல், தலைவலி. அந்த வயிற்றோடு சாப்பாடு இறங்குமா? இறங்காது. வெறும் வயிற்றோடு பஸ் ஏறுவான். பதினொரு மணிக்கு வகுப்பில் சுருண்டு படுப்பான். ஸ்கேனில் இதெல்லாம் எப்படித் தெரியும்?

பதினாலில் ஏழு

பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் நான் படித்த காலத்தில், ‘பதினான்கு வேகங்கள்’ என்று ஒரு பாடம் உண்டு. வேகம் என்றால் ஓட்டமில்லை. உடம்பு தானாக எழுப்பும் உந்துதல். அபானவாயு, தும்மல், சிறுநீர், மலம், கொட்டாவி, பசி, தாகம், இருமல், இளைப்பு, தூக்கம், வாந்தி, கண்ணீர், சுக்கிலம், சுவாசம். இவற்றை வலுக்கட்டாயமாக அடக்கக் கூடாது, அடக்கினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நோய் காத்திருக்கிறது என்பது சித்த நூல்களின் எச்சரிக்கை. மாணவனாக இருந்தபோது, ‘யார்தான் வேலை மெனக்கெட்டு இதையெல்லாம் அடக்கப் போகிறார்கள்?’ என்று தோன்றும்.

இன்றைக்கு என் எதிரே வந்து உட்காரும் பிள்ளைகள் ஏழை அடக்கிவிட்டு வருகிறார்கள்! பசி... “இந்த ஃபைட் முடியட்டும்மா.” தாகம்... தண்ணீர் பாட்டில் கை எட்டும் தூரத்தில் இருந்தும் குடிப்பதில்லை. சிறுநீர், மலம்... சொல்லவே வேண்டாம். கொட்டாவி வந்தால் தலையை உதறிக்கொள்வது. இளைப்பு, அதாவது அசதி, தெரிவதே இல்லை. கடைசியாகத் தூக்கம்.

நாமக்கல் பக்கம் தங்கிப் படிக்கும் பள்ளிகள் ஏராளம் என்பது உங்களுக்குத் தெரியும். பல விடுதிகளில் போனைக் கண்ணால் பார்க்க முடியாது. பரீட்சை முடிந்து வீட்டுக்கு வந்ததும், “பாவம், கஷ்டப்பட்டுப் படிச்சிருக்கா, கொஞ்ச நாளைக்கு விளையாடட்டும்” என்று விட்டுவிடுகிறார்கள். அப்படி லீவுக்கு வந்த பிளஸ் டூ பெண் ஒருத்தியைப் பத்தே நாளில் நீர்க்கடுப்போடு கூட்டி வந்தார்கள். குளிர் ஜுரம், அடிவயிற்றில் வலி. பரிசோதித்ததில் சிறுநீர்ப் பாதையில் கிருமித் தொற்று. காலை பத்து மணிக்கு உட்கார்ந்தால் மதியம் மூன்று மணி வரை எழுந்திருப்பதில்லையாம். தண்ணீர் குடித்தால் எழுந்து போக வேண்டுமே என்று தண்ணீரையும் குறைத்துக்கொண்டாளாம்! நெருஞ்சில் குடிநீர் மட்டும் கொடுத்து நான் அனுப்பியிருக்கலாம்தான். ஜுரம் இருந்ததால், முதலில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துக்கு ஆங்கில மருத்துவரிடம் அனுப்பினேன். அதில் கௌரவம் பார்க்கக் கூடாது.

மலத்தை அடக்கி அடக்கி, அது இறுகி, ஆசனவாய் வெடித்து ரத்தம் போய், ‘மூலமோ!’ என்று பயந்துகொண்டு வரும் பையன்களும் உண்டு. கட்டைவிரல் அடிப்பக்கம் வீங்கி, பேனா பிடிக்க முடியாமல் வருபவர்கள் தனி ரகம். திரையை முறைத்துப் பார்க்கும்போது இமைப்பது குறைந்துவிடும். அதனால் கண் வறண்டு மணல் விழுந்த மாதிரி உறுத்தும். இந்தக் கண்ணுக்கு வீட்டில் தாய்ப்பால், விளக்கெண்ணெய் என்று எதையும் ஊற்றாதீர்கள். கண் டாக்டரிடம் காட்டி, கண்ணாடி தேவையா என்று பாருங்கள்.

ஆகவே, பிள்ளை எத்தனை மணி நேரம் விளையாடுகிறான் என்று கடிகாரத்தைப் பார்த்து மட்டும் சண்டை போடாதீர்கள். ‘கூப்பிட்டால் சாப்பிட வருகிறானா? தண்ணீர் குடிக்கிறானா? காலையில் ஒழுங்காக வெளியே போகிறானா? கொட்டாவி வந்தால் படுக்கிறானா?’ இதைக் கவனியுங்கள். ஒரு மணி நேரம் விளையாடி நாலை அடக்குகிற பிள்ளையைவிட, இரண்டு மணி நேரம் விளையாடிவிட்டுப் பசி வந்ததும் தானாக எழுந்து வருகிற பிள்ளை தேவலை.

‘இலவசம்’ எப்படி?

சரி, இலவசமாகக் கொடுத்தால் கம்பெனிக்கு எப்படிக் கட்டுப்படியாகும்? இங்கேதான் ‘கச்சா’ வருகிறது. நம்ம கச்சா எண்ணெய் இல்லை! ஜப்பானில் காசு போட்டுக் கைப்பிடியைத் திருகினால் உருண்டைக்குள் பொம்மை வந்து விழும் இயந்திரம் உண்டு. திருகும்போது ‘கச்சா... கச்சா...’ என்று சத்தம் வருமாம். அந்தப் பெயர். நம்மூர்ப் பெட்டிக்கடையில் அட்டையில் ஒட்டிய சீட்டைப் பிய்த்து, என்ன பரிசு என்று பார்ப்போமே... அதேதான்!

இந்த விளையாட்டில் பிள்ளைகளுக்குப் பிடித்த வீரனோ வீராங்கனையோ வேண்டுமென்றால் சீட்டு எடுக்க வேண்டும். ஒரு சீட்டுக்கு 160 ரத்தினம். முதல் தரப் பாத்திரம் விழும் வாய்ப்பு, சீட்டுக்கு 0.6 சதவீதம். ஆயிரத்துக்கு ஆறு! 90-வது சீட்டில் ஒரு முதல் தரம் நிச்சயம் விழும். ஆனால் அது அவன் கேட்ட முகமாகவே இருக்கும் என்று நிச்சயமில்லை. அதிர்ஷ்டம் அடியோடு இல்லாவிட்டால் 180 சீட்டு வரை போக வேண்டும். தினக்கூலி 60 ரத்தினத்தை மட்டும் சேர்த்து 90 சீட்டு எடுக்க எத்தனை நாளாகும்? 240 நாள்! ஆனால் அந்த வீரன் கடையில் இருப்பதோ சுமார் மூன்று வாரம். பிறகு எப்போது வருவான் என்று தெரியாது.

பிள்ளைக்குக் கை பரபரக்கும். பக்கத்திலேயே ரத்தினக் கடை திறந்திருக்கும். 100 டாலர் மூட்டை வாங்கினால் சுமார் 50 சீட்டு. நம் பணத்தில் எட்டாயிரம் ரூபாய்க்கு மேல். ‘அவ்வளவெல்லாம் வேண்டாம், மாதம் 5 டாலர் சந்தா போதும்’ என்று இன்னொரு வழியும் உண்டு. ஆனால் தினமும் உள்ளே வந்து கையெழுத்துப் போட்டால்தான் அன்றைய 90 ரத்தினம். வராத நாளுக்குக் கிடையாது. காசும் கொடுத்து, ஆஜரும் ஆக வேண்டும்!

பள்ளிபாளையம் பக்கம் தறி ஓட்டும் குடும்பம் ஒன்று. அம்மா மகளிர் குழுவில் கடன் வாங்கி பேங்கில் போட்டு வைத்திருந்தார். அம்மாவின் போனில்தான் பையன் விளையாட்டு. யு.பி.ஐ. ரகசிய எண் அவனுக்குத் தெரியும், மளிகைக் கடைக்கு அவன்தான் போய் வருவான். எண்பது, நானூறு என்று சின்னச் சின்னதாகவே போயிருக்கிறது. நாலு மாதத்தில் பதினெட்டாயிரம் ரூபாய்! “அவன் திருடல டாக்டர், வெளையாடத்தானுங்க செஞ்சான்” என்று அந்த அம்மா அழுதது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அவர் என்னிடம் வந்தது தூக்கம் வரவில்லை என்று, தனக்கு!

தறிக்கூலி வாங்கின கையோடு சீட்டுக் கடைக்குப் போன ஆண்களை இந்தப் பக்கத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2003-ல் தமிழ்நாட்டில் லாட்டரி தடை செய்யப்பட்டபோது எத்தனை வீடுகளில் பெருமூச்சு விட்டார்கள்! ஆன்லைன் சூதாட்டத்துக்கும் நம் மாநிலம் 2022-ல் சட்டம் கொண்டுவந்தது. 2025 பிப்ரவரியில், பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளை 18 வயதுக்குட்பட்டவர்கள் ஆடக் கூடாது, ராத்திரி 12 முதல் காலை 5 வரை யாருமே ஆடக் கூடாது என்று விதி போட்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணப்பந்தய ஆன்லைன் விளையாட்டுகளுக்குத் தடைச் சட்டமே நிறைவேற்றியது. ஆனால் இவையெல்லாம் காசு வைத்துக் காசு எடுக்கும் ஆட்டங்களை மனதில் வைத்துப் போட்டவை. அனிமே விளையாட்டில் காசு உள்ளே போகும், வெளியே வராது. வருவது ஒரு பொம்மை முகம்தான். ராத்திரி 12-க்குக் கடை சாத்த அதற்கு ஆளில்லை, வீட்டில் நீங்கள்தான்.

வெளிநாடுகளிலும் விழித்துக்கொண்டுவிட்டார்கள். துண்டு துண்டாகச் சேர்த்து முழு செட் ஆனால்தான் பரிசு என்ற கச்சாவை ஜப்பான் 2012-லேயே நிறுத்தியது. அமெரிக்காவின் வர்த்தக ஆணையம், பிள்ளைகளையும் மற்றவர்களையும் பரிசு வாய்ப்பு, செலவு விஷயத்தில் ஏமாற்றியதாகக் கென்ஷின் கம்பெனி மேல் குற்றம் சாட்டியது. 2025 ஜனவரியில் கம்பெனி 2 கோடி டாலர் கட்டச் சம்மதித்து சமரசம் செய்துகொண்டது. 16 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் இந்த அதிர்ஷ்டப் பெட்டிகளை விற்கக் கூடாது என்பதும் அதில் ஒரு நிபந்தனை. இதையெல்லாம்விட எனக்கு வேடிக்கையாகப் படுவது சீனாவின் விதி. 2021 செப்டம்பரிலிருந்து அங்கே 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் மட்டும், இரவு 8 முதல் 9 வரை ஆன்லைனில் விளையாடலாம். அவ்வளவுதான்! சமைத்தவர் தன் பிள்ளைக்கு அளந்து பரிமாறுகிறார். நம் பிள்ளை அண்டாவோடு உட்கார்ந்திருக்கிறது.

போனைப் பிடுங்கலாமா?

“அந்தக் கருமத்தைக் கெணத்துல வீசுங்க” என்று சொல்லும் அம்மாயிகளை எனக்குத் தெரியும். வேண்டாம். திடீரென்று பிடுங்கினால் சில பிள்ளைகள் கதவைச் சாத்திக்கொள்கின்றன, சாமான்களை உடைக்கின்றன. அதைவிட, விளையாட்டின் கணக்கையே நம் பக்கம் திருப்பிக்கொள்ளலாம்.

ராசிபுரம் பையனிடம் நான் அதைத்தான் செய்தேன். “புது வேலை ஒன்றரைக்கு வருது, சரி. எது வரைக்கும் செய்யலாம்?” “அடுத்த நாள் ஒன்றரை வரைக்கும் டயம் இருக்குங்க.” “அப்புறம் ஏன்டா ராத்திரியே செய்யறே?” பேசாமல் இருந்தான். அந்த விளையாட்டில் ‘ரெசின்’ என்று ஒரு எரிபொருள் உண்டு. 8 நிமிடத்துக்கு ஒன்று என்று ஊறும், 200-ல் தொட்டி நிரம்பிவிடும். நிரம்பினால் வீண் என்பதால் பிள்ளைகள் அடிக்கடி போனைத் திறந்து பார்த்துக்கொண்டே இருப்பார்கள். இரண்டு பேரும் காகிதத்தில் பெருக்கிப் பார்த்தோம். காலியான தொட்டி நிரம்ப 26 மணி 40 நிமிடம். அதாவது தினமும் ஒரே நேரத்தில், ஒரே தடவை உட்கார்ந்தால் ஒரு சொட்டுகூட வீணாகாது! சாயங்காலம் ஆறரை முதல் ஏழரை என்று அவனே நேரம் சொன்னான். ‘கேம் நஷ்டமாகாது’ என்று தெரிந்ததும் முகத்தில் ஒரு தெளிவு வந்ததே, அது நான் கொடுத்த எந்தச் சூரணத்திலும் வந்திருக்காது.

அவன் அப்பா திருச்செங்கோட்டு ரிக் வண்டியோடு வடநாட்டில் போர் போடப் போயிருக்கிறார். ராத்திரி ஒன்பதுக்குத்தான் போன் வரும். அதனால் ஒன்பது மணி போன் பேசி முடிந்ததும், போன் அம்மாவின் அறையில் சார்ஜுக்குப் போக வேண்டும் என்று ஏற்பாடு. எட்டு மணிக்குள் சாப்பாடு. படுக்கும் முன் சீரகம் போட்டுக் காய்ச்சிய வெதுவெதுப்பான தண்ணீர். சனிக்கிழமை காலையில் நல்லெண்ணெய்க் குளியல். தலைக்கு வைத்து அரைமணி ஊறி, வெந்நீரில் குளித்து, அன்று பகலில் தூங்காமல் இருக்க வேண்டும். சளி, ஜுரம் இருந்தால் அந்த வாரம் வேண்டாம். காலையில் பித்தம் தணிய, ஒன்றிரண்டு வாரத்துக்கு நெல்லிக்காய்ச் சாறு. வேறு பெரிய மருந்து எதுவும் நான் கொடுக்கவில்லை. முதல் நாலைந்து நாள் பத்தரைக்குப் படுத்தும் தூக்கம் வராமல் புரண்டிருக்கிறான். அது அப்படித்தான் இருக்கும், பயப்படாதீர்கள். மூன்றாவது வாரம் காலையில் இரண்டு தோசை சாப்பிட்டுவிட்டுப் போனானாம். சர்வ சாதாரணமாகச் சொன்னார் அந்த அம்மா!

தூக்கத்துக்கு ஜாதிக்காய்ப் பொடியைப் பாலில் கலக்கிக் கொடுக்கச் சொல்லிப் பக்கத்து வீட்டில் யாராவது சொல்வார்கள். அளவு கூடினால் மயக்கமும் படபடப்பும் வரும். மருத்துவரைக் கேட்காமல் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள்.

பண விஷயத்தில் இரக்கமே வேண்டாம். யு.பி.ஐ. ரகசிய எண்ணை இன்றைக்கே மாற்றுங்கள். போனில் பிளே ஸ்டோரில் கார்டு விவரம் இருந்தால் எடுத்துவிடுங்கள். எதை வாங்கினாலும் பாஸ்வேர்டு அல்லது கைரேகை கேட்கும்படி வைத்து, அந்தக் கைரேகை உங்களுடையதாக இருக்கட்டும்.

வீட்டில் யாருக்காவது வலிப்பு வந்த சரித்திரம் இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. 1997 டிசம்பர் 16-ம் தேதி ஜப்பானில் ‘போக்கிமான்’ கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் மாறி மாறிப் பளிச்சிட்ட ஒரு காட்சியைப் பார்த்து 600-க்கும் மேற்பட்டவர்களை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். பெரும்பாலும் பிள்ளைகள். அனிமே விளையாட்டுகளில் சண்டைக் காட்சி முழுக்கப் பளீர் பளீர் வெளிச்சம்தான். இருட்டறையில், போர்வைக்குள் வைத்து விளையாட விடாதீர்கள். பார்வை ஒரு நொடி நிலைகுத்தினாலோ, கை வெட்டி இழுத்தாலோ அன்றோடு நிறுத்திவிட்டு நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

நேரம் மாற்றி, எண்ணெய் தேய்த்து, பேசிப் பார்த்தும் சரியாகாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் ‘கேமிங் டிஸ்ஆர்டர்’ என்று இதை நோய்ப் பட்டியலில் சேர்த்து, 2022 ஜனவரி 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. நிறுத்த நினைத்தும் முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட அதுவே பெரிதாகிவிடுவது, படிப்பும் உறவும் கெட்ட பிறகும் தொடர்வது... இப்படிச் சுமார் ஒரு வருஷம் ஓடியிருந்தால், நிலைமை முற்றியிருந்தால் அதற்கு முன்பே, மனநல மருத்துவரிடம்தான் போக வேண்டும். பெங்களூர் நிம்ஹான்ஸில் இதற்கென்றே 2014 முதல் தனி சிகிச்சைப் பிரிவு நடக்கிறது. அவ்வளவு தூரம் போகும் முன், ‘டெலி மானஸ்’ என்ற அரசு உதவி எண் 14416-க்குப் போன் செய்யுங்கள். இருபத்து நாலு மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. பிள்ளை பேசத் தயங்கினால் முதலில் நீங்கள் பேசுங்கள்.